நனைத்த தாவணி

ஐப்பசி, செவ்வாய். 1981.

போன மாதம் இறந்த மகள் கோமதியின் தாவணியைக் கொடுத்து, அதில் ஒரு பர்ஸ் தைத்துத் தரச் சொல்லியிருந்தாள் எதிர்வீட்டுப் பேச்சியக்கா. மெல்லிசுத் துணி. உள்ளே விறைப்பாக எதையாவது வைக்காவிட்டால் பர்ஸ் துவண்டுவிடும். பக்ரம் என்கிற கஞ்சி போட்ட விறைப்புத் துணி மடிப்பில் முறியும் என்று, சட்டைக் காலருக்கு வைக்கிற கேன்வாஸ் வாங்கினேன். கேன்வாஸையும் துணியையும் நனைத்துக் காயவைத்துத்தான் வெட்ட வேண்டும். இல்லையென்றால் பின்னால் சுருங்கி இழுக்கும். எப்போதும் செய்வதுதான். இரண்டையும் ஊறப்போட்டு, சோப்புப் போட்டு அலசினேன்.

இன்று சாயங்காலம் பர்ஸைக் கொடுத்தேன். ஒரு சுருக்கம் இல்லை. எனக்கே பெருமையாக இருந்தது. அக்கா அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. மூக்கில் வைத்து முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள்.

"ஏட்டி, இதத் தண்ணியில போட்டியா?"

"ஆமாக்கா. போடாட்டா சுருங்கிரும்லா?"

"அவ கடேசியா உடுத்துனது. நான் துவைக்காமலே வச்சிருந்தேன்."

திட்டியிருந்தால் தேவலை. "நல்லாத்தான் தச்சிருக்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வெட்டின மிச்சத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் சோப்பு வாசனைதான் வருகிறது.