தாள் வெட்டாத நாவல்

கண்டி, ஜூன் 14, வெள்ளி

எங்கள் வாசகர் வட்டத்தில் யார் ஒரு நூலைப் பரிந்துரைத்தாலும் முதலில் தலைவர் வாசித்துப் பார்ப்பார். அவர் சம்மதித்தால்தான் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசலாம். இந்த முறை நான் கொடுத்தது மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி எழுதிய நாவல். கடைசி அத்தியாயத்தில் ஒரு தாய் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தோட்டத் துரையிடம் ஒரு கேள்வி கேட்பாள். அதற்காகவே நாலு தடவை வாசித்தேன். என் பிரதி கிழிந்துபோனதால் தலைவருக்குப் புதிது வாங்கிக் கொடுத்தேன்.

இன்று நான் வேலை முடிந்து கந்தோர் விட்டு வரும்போது வழியில் அதைத் திருப்பித் தந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட மாஸ்டர்.

"முழுக்க வாசிச்சனான், பிள்ளை. லயத்துப் பேச்சு. எங்கட வட்டத்துக்குச் சரிவராது."

"முடிவு எப்படி இருந்துச்சு, மாஸ்டர்?"

"முடிவும் அப்பிடித்தான்."

நானும் லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்தவள்தான். புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். அம்பிட்டிய பஸ்ஸில் ஏறி வந்தேன். வீட்டில் புத்தகத்தைப் பிரித்தால், பதினாறாம் பக்கத்துக்குப் பிறகு தாள்கள் அச்சகத்தில் மடித்தபடியே ஓரம் ஒட்டிக் கிடக்கின்றன. ஒன்றைக்கூட அவர் வெட்டவில்லை; வெட்டாமல் உள்ளே வாசிக்க வழியில்லை.

முதலில் அழுகை வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எல்லார் முன்னாலும் இதே புத்தகத்தை அவர் கையில் கொடுப்பேன். அந்தத் தாயின் கேள்வியை வாசித்துக் காட்டச் சொல்வேன். சண்டைக்காரி என்று சொன்னால் சொல்லட்டும். தாள் வெட்ட ஒரு பிளேடும் அட்டைக்குள் வைத்துவிட்டேன்.