437 பகா எண்ணா?

திருநின்றவூர்
3.11.2024

அன்புள்ள வாணிக்கு,

நலம்தானே? இங்கே ஏரி நிரம்பிவிட்டது. தெருமுனையில் கணுக்கால் அளவு தண்ணீர். போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே நாம் குரலை உயர்த்திவிடுகிறோம். அதனால்தான் கடிதம். கிழித்துப் போடாமல் படி.

பிரியா காய்ச்சலில் படுப்பதற்கு முந்தின வாரம், 437 பகா எண்ணா பகு எண்ணா என்று என்னிடம் கேட்டாளே, ஞாபகம் இருக்கிறதா? மூன்றால், ஏழால், பதினொன்றால் என்று வகுத்துக்கொண்டே போய், கடைசியில் பத்தொன்பதில்தான் அது மாட்டியது. "இன்னாப்பா இது, ஒவ்வொண்ணா வகுத்துக்கினே கெடக்கணுமா? ஷார்ட் கட்டே கெடையாதா?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை யோசிப்போம் என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

ஷார்ட் கட் இருக்கிறது, வாணி. இந்த இரண்டு வருஷத்தில் நானே கண்டுபிடித்தேன். எந்த எண்ணைச் சோதிக்க வேண்டுமோ, அத்தனை இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கு. விடையில் இரண்டைக் கழி. மிஞ்சியது அந்த எண்ணால் மீதியில்லாமல் வகுபட்டால் பகா எண். வகுபடாவிட்டால் பகு எண். ஏழுக்குப் பார்: ஏழு இரண்டுகளைப் பெருக்கினால் 128, இரண்டு போனால் 126, ஏழால் வகுபடும். ஒன்பதுக்கு 510 வரும், ஒன்பதால் வகுபடாது. பெரிய எண்ணாக இருந்தால் ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் அந்த எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொண்டு போனால் போதும். முந்நூறு வரைக்கும் பழைய முறையிலும் வகுத்துச் சரிபார்த்துவிட்டேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

இதற்குக் கிருஷ்ணப்பிரியா முறை என்று பெயர் வைத்திருக்கிறேன். அவள் படித்த பள்ளியில் டிசம்பர் இருபதாம் தேதி கணித தின விழா. என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் அம்பத்தூர் பேக்டரியில் கேஜ் என்கிற அளவுக் கருவியை வைத்து பாஸா ரிஜெக்டா என்று போல்ட்டைப் பார்க்கிறவன். நீ கணக்கு டீச்சர். நீ சரி என்று சொல்லிவிட்டால் எனக்கு அதுவே போதும். அன்றைக்கு வந்து முன்வரிசையில் உட்கார். விழா முடிந்ததும் நம் வீட்டுக்கே போய்விடலாம்.

இப்படிக்கு
ஞானசேகரன்


கோவில்பதாகை
10.11.2024

பிரியா அப்பாவுக்கு,

கடிதத்தை அண்ணிதான் வாங்கி வைத்தாள். "இன்னா வாணி, நாலு ஸ்டேஷன் தள்ளிக் கீற மனுசன் இன்னாத்துக்கு லெட்டர் போட்டுக்கினு கீறாரு? ரயில் ஏறி வந்தா ஆவாதா?" என்று சுலோசனா அண்ணி கேட்டாள். பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா? மூன்று வேளையும் ஓட்டல் சாப்பாடுதானா? ஒரு வேளைக்காவது கஞ்சி வைத்துக்கொள்ளக் கூடாதா?

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்ததாக எல்லோரிடமும் சொல்லி வருகிறீர்களாம். காரியம் முடிந்த மறுநாளே காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தீர்கள். அவள் துணிமணிகளை என்ன செய்வது என்று கேட்டால், "இரு, இந்த நம்பர் முடியட்டும்" என்றீர்கள். ஒரு வருஷம் ஒரே வீட்டில் நான் தனியாக அழுதேன். அதற்கு மேல் முடியவில்லை. அவ்வளவுதான்.

ஆனாலும் அவள் முழுப் பெயரை உங்கள் கையெழுத்தில் பார்த்ததும் வெகுநேரம் மேலே படிக்க ஓடவில்லை. ஏதேதோ எண்களை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே வருகிறது. விழாவுக்கு வருகிறேன். ஆனால் முந்நூறு வரை சரியாக வந்தால் எல்லா எண்ணுக்கும் வரும் என்று ஆகிவிடாது. நிரூபணம் வேண்டும். அவசரப்பட்டு எங்கேயும் அச்சடித்துவிடாதீர்கள்.

கலைவாணி


திருநின்றவூர்
24.11.2024

அன்புள்ள வாணிக்கு,

நீ வருகிறேன் என்று எழுதியதைப் படித்த பிறகு எனக்கு நிரூபணம் ஒன்றும் தேவைப்படவில்லை. சாயங்காலமே ஆவடிக்குப் போய் அச்சகத்தில் கொடுத்துவிட்டேன். திட்டாதே. ஒரு பிரதி இதோடு வைத்திருக்கிறேன். மேலே அவள் போட்டோ, ஸ்கூல் யூனிபார்மில் சிரிக்கிறாள். நடுவில் முறை. கீழே ஐந்நூறு வரைக்குமான பகா எண்கள். முந்நூறுக்கு மேல் பழையபடி வகுத்துப் பார்க்கவில்லை. முறைதான் இருக்கிறதே!

பேக்டரியில் தசரதனிடம் காட்டினேன். லேத் ஓட்டுகிறானே, அவன்தான். "ஞானம் அண்ணாத்தே, எனக்கு இன்னாவும் புரியல. பாப்பா படம் மட்டும் நல்லாக் கீது" என்றான். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

வீட்டைக் கழுவிவிட்டேன். அரிசி, பருப்பு வாங்கி வைத்திருக்கிறேன். உன் தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டாயிற்று. பிரியா துணிகள் பீரோவில் அப்படியே இருக்கின்றன. நீ வந்து சொல்கிறபடி செய்யலாம்.

உன்
ஞானசேகரன்


கோவில்பதாகை
1.12.2024

பிரியா அப்பாவுக்கு,

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு முறை எழுதிக் கிழித்தேன்.

தாளை என் அறைச் சுவரில் ஒட்டியிருந்தேன். காலையில் தலை வாரும்போது வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தேன். 337, 341, 347. நடுவில் இருக்கிற 341-இல் சீப்பு நின்றுவிட்டது. பதினொன்றால் வகுத்துப் பாருங்கள். முப்பத்தொன்று வரும். மீதி இல்லை.

உங்கள் கணக்கில் பிழை இருக்கும் என்று நினைத்து உங்கள் முறையிலேயே போட்டேன். பத்து இரண்டுகளைப் பெருக்கினால் 1024. 341-ஆல் வகுத்தால் மீதி ஒன்று. 340 என்பது முப்பத்துநான்கு பத்து, ஆகவே 340 இரண்டுகளுக்கும் மீதி ஒன்றுதான். இன்னும் ஓர் இரண்டு சேர்ந்தால் மீதி இரண்டு. அதைக் கழித்தால் எதுவும் மிஞ்சாது. நீங்கள் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள். முறைதான் ஏமாற்றுகிறது. புத்தகங்களில் தேடினேன். ரொம்ப காலத்துக்கு முன்பே தெரிந்த விஷயமாம். வகுபடாவிட்டால் அது நிச்சயம் பகு எண். வகுபட்டால் பகா எண் என்று மட்டும் சொல்ல முடியாது. அப்படித் தவறிப்போகிற முதல் எண்ணே 341.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்றும் நினைத்தேன். அந்த அரங்கில் யார் வகுத்துப் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் பிள்ளைகள் அதை எழுதிக்கொண்டு போவார்கள். என்றைக்காவது ஒரு பிள்ளை தப்பு என்று கண்டுபிடிக்கும். அப்போது அது அவள் பெயரில் இருக்கிற தப்பாகிவிடும். அதை என்னால் தாங்க முடியாது.

சனிக்கிழமை நான் வருகிறேன். தனியாக இருந்துகொண்டு எதுவும் செய்துவிடாதீர்கள்.

கலைவாணி


திருநின்றவூர்
4.12.2024

கலைவாணிக்கு,

கடிதம் கிடைத்தது. வகுத்துப் பார்த்தேன். நீ சொன்னது சரிதான்.

இரண்டு வருஷமாக ஒவ்வொரு எண் சரியாக வந்தபோதும் "பார்த்தியா பாப்பா" என்று வாய்விட்டுச் சொல்வேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது போல இருக்கும். இனி யாரிடம் சொல்வேன்?

நீ வர வேண்டாம். சனிக்கிழமையும் வேண்டாம். விழாவுக்கும் வேண்டாம்.

ஞானசேகரன்


திருநின்றவூர்
22.12.2024

அன்புள்ள வாணிக்கு,

அன்றைக்கு அப்படி எழுதியது தவறு. நீ சனிக்கிழமை வந்து வெளியே நின்றதைப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். நான் உள்ளேதான் இருந்தேன். கதவைத் திறக்கவில்லை.

விழாவுக்குப் போனேன். தாள்கள் எதையும் எடுத்துப் போகவில்லை. என் மகள் இங்கே ஒன்பதாவது படித்தாள், இப்படி ஒரு கேள்வி கேட்டாள், நான் ஒரு வழி கண்டுபிடித்தேன், அது 341-இல் தவறிவிட்டது, தவறியதைக் கண்டுபிடித்தது அவள் அம்மா என்று சொன்னேன். போர்டில் பதினொன்றையும் முப்பத்தொன்றையும் பெருக்கிக் காட்டினேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். எதற்குத் தட்டினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

இறங்கும்போது யுவராணி என்று ஒரு பெண் எழுந்து, "அங்கிள், அந்த அக்கா எப்படி இருப்பாங்க? கணக்கு இல்லாம வேற இன்னா புடிக்கும் அவங்களுக்கு?" என்று கேட்டாள்.

வாணி, அவளுக்கு எந்தக் கலர் பிடிக்கும், டிபன் பாக்ஸில் எதை மிச்சம் வைப்பாள், யாரோடு சேர்ந்து ரயிலில் வருவாள், எதுவுமே தெரியவில்லை. காலையில் ஷிப்டுக்குப் போய் இருட்டித் திரும்புகிறவனுக்கு ஒரு கேள்வி மட்டும்தான் கிடைத்திருக்கிறது. அதையே பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். மேடைக்குப் பின்னால் போய் அழுதேன். அவள் போனதற்கு நான் அழுதது அன்றைக்குத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே வரட்டுமா? உன்னைத் திரும்பக் கூப்பிட வரவில்லை. அவளைப் பற்றி நீ சொல்லச் சொல்ல, குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். வேறு எதுவும் வேண்டாம்.

ஞானசேகரன்


கோவில்பதாகை
5.1.2025

பிரியா அப்பாவுக்கு,

மேடையில் நீங்கள் சொன்னதைப் பள்ளியிலிருந்து ஒரு டீச்சர் போனில் சொன்னார். அவ்வளவு பேருக்கு முன்னால் தவறிவிட்டது என்று சொல்ல எவ்வளவு நெஞ்சு வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

"அவளைப் பற்றிச் சொல்" என்று நீங்கள் கேட்பதற்காக அந்த வீட்டில் ஒரு வருஷம் காத்திருந்தேன். சாப்பாடு போடும்போது, விளக்கு வைக்கும்போது, இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று. இப்போது கேட்டுவிட்டீர்கள். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சந்தோஷம் வரும் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அவளோடு தனியாக இருந்து எனக்குப் பழகிவிட்டது. நீங்கள் எதிரில் வந்து உட்கார்ந்தால் என்னால் ஒரு வார்த்தை பேச முடியாது. அதனால் வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம், பிறகும் வேண்டாம். அந்த வீட்டுக்கு நான் இனித் திரும்ப மாட்டேன். அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். துணிகளை யாராவது பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். பச்சைப் பாவாடையை மட்டும் தசரதனிடம் கொடுத்தனுப்புங்கள்.

ஆனால் அவளுக்கு நீங்களும்தான் அப்பா. கேட்டவருக்கு ஒன்றுமே சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

பாத்ரூமில் பல்லி இருந்தால் உள்ளே போக மாட்டாள். என்னை வெளியே நிற்க வைத்து, "பாடும்மா, பாடு. நீ பாடினா பல்லி ஓடிப் பூடும்" என்பாள். எனக்குப் பாட வராது என்பதைத்தான் அப்படிச் சொல்வாள். நான் பாடுவேன். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தத்தோடு அவள் சிரிக்கிற சத்தமும் கேட்கும். நான் நிறுத்தினால் அவளும் தண்ணீரை நிறுத்திவிட்டு, "இன்னும் போகலம்மா" என்பாள்.

மாத்திரையை மறக்காதீர்கள்.

கலைவாணி