மைனி, உனக்கு வந்தது வயிற்றுவலி அல்ல

என் ஸ்டெல்லா மைனிக்கு,

பெயரையும் முறையையும் சேர்த்து எழுதினால் உனக்குச் சிரிப்பு வரும். கோட்டாற்றுப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்து, என் சாப்பாட்டுப் பாத்திரத்தில் கைபோட்டுத் தின்றவள் நீ. என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த மறுநாளே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ஏட்டி ஷீலா, இனி மரியாதையா மைனின்னு கூப்பிடணும், கேட்டியா?" என்றாய். கூப்பிட்டேன். மரியாதைதான் கடைசிவரை வரவில்லை.

நீ போய் ஒரு வருடம் கழிந்துவிட்டது. சொல்ல நிறைய இருக்கிறது. நல்ல சேதியும் இருக்கிறது. ஆனால் எதையும் நல்லபடியாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வயிறெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

ஞாயிறு ஆராதனையில் நோயாளிகளின் பெயரை வாசிப்பார்களே, நினைவிருக்கிறதா? ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு இருதய ஆபரேஷன், ஒருவருக்கு மூட்டுவலி என்று ஒளிவுமறைவில்லாமல் வாசிப்பார்கள். உன் பெயருக்கு மட்டும் "வயிற்றுவலி" என்றார்கள். என் அம்மா அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். நீ திருவனந்தபுரத்துக்குப் போய்க் கதிர்வீச்சு வாங்கிக்கொண்டு வந்து துவண்டு கிடந்தாய். இங்கே சபை முழுவதும் முழங்காலில் நின்று, உனக்கு இல்லாத வியாதிக்காக மாதக்கணக்கில் ஜெபித்தது. கடவுளிடமாவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று சொல்லியிருக்கலாம்.

அதற்கு இரண்டு வருடம் முன்னால் ஒரு நர்ஸ் நம் சுசீந்திரத்து வீட்டுக்கு வந்தாராம். முப்பது வயது தாண்டிய பெண்கள் எல்லோரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து பரிசோதித்துக்கொள்ளுங்கள், காசில்லை, சில நிமிடம்தான் ஆகும் என்றாராம். அம்மா வாசலிலேயே மறித்து, "எங்க வீட்டுல அப்படிப்பட்டவ யாரும் இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். எப்படிப்பட்டவ? இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

நீ அப்போது அடுக்களையில் மீன் அறுத்துக்கொண்டிருந்தாய். மாதவிலக்கு இல்லாத நாட்களிலும் உனக்கு ரத்தம் படத் தொடங்கியிருந்தது. அதை என்னிடம்கூடச் சொல்லவில்லை. எல்லாம் முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துதான் சொன்னாய். "நான் கையைக் கழுவிட்டு வாறதுக்குள்ள அந்தப் பொண்ணு போயிட்டுட்டி."

கையைக் கழுவாமலே வந்திருக்கக் கூடாதா, மைனி?

நீ அடங்கிப்போன பிறகும் ஊர் வாய் அடங்கவில்லை. விஷயம் தெரிந்த இரண்டொருவர், "புருஷன் மஸ்கட்டுல கிடக்கான், இவளுக்கு எப்படி இந்த வியாதி?" என்று கேட்டார்கள். டாக்டர் எனக்கு விளக்கமாகச் சொன்னார். இந்த நோயைக் கொண்டுவரும் கிருமி உடலுறவில் தொற்றுவது, குடும்பம் நடத்துகிற யாருக்கும் வரக்கூடியது, பெரும்பாலும் தானாகவே போய்விடும். சிலருக்குப் போகாமல் பல வருடம் சத்தமில்லாமல் இருந்து கெடுக்கும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கேட்ட வாயெல்லாம் உன்னைப் பற்றித்தான் கேட்டது. அண்ணனைப் பார்த்து ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கூடப் பிறந்தவன் என்பதால்தான் இதை நானே சொல்கிறேன்.

இப்போது அபிஷாவின் சேதிக்கு வருகிறேன். உன் மகள் வளர்ந்துவிட்டாள். உன் கால் செருப்பு அவளுக்குச் சேருகிறது. போன மாதம் பள்ளிக்கூடத்தில் சொல்லி அனுப்பினார்கள், இந்த நோய் வராமல் தடுக்க ஊசி இருக்கிறது, அந்தக் கிருமி உடம்புக்குள் வருவதற்கு முன்பே, இந்த வயதிலேயே போட்டுவிட வேண்டும், பெற்றவர் சம்மதம் வேண்டும் என்று. உன் முதலாண்டு நினைவு ஜெபத்துக்காக அண்ணன் லீவில் வந்திருந்தான். சந்தோஷமாகப் போய்ச் சொன்னேன்.

"கெட்டிக்குடுக்க வேண்டிய பிள்ளைக்கு அந்த ஊசி என்னத்துக்குட்டி? தாய்க்கு என்ன வந்துன்னு ஊருல பேச்சு கிளம்பாதா?" என்றான். அம்மாவும் கூடச் சேர்ந்துகொண்டாள். செத்தவளின் வியாதியை மறைப்பதற்காக இருக்கிறவளைப் பணயம் வைக்கத் துணிந்துவிட்டார்கள்.

நினைவு ஜெபத்தில் வீட்டார் ஒருவர் எழுந்து நாலு வார்த்தை பேசுவது வழக்கம் அல்லவா? பொறுமைசாலி, சமையலில் கெட்டிக்காரி, சபைக்கு உழைத்தவள் என்பார்கள். உபதேசியார் என்னைப் பேசச் சொன்னார். நான் எழுந்து நின்று, "எங்க மைனி வயித்துவலில சாகல்ல. அவளுக்குக் கர்ப்பப்பை வாயில புற்றுநோய். நேரத்தோட பரிசோதிச்சிருந்தா, புற்றா மாறதுக்கு முன்னாலயே சரிபண்ணியிருக்கலாம். இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. இங்க இருக்கிற பொம்பளைங்க எல்லாரும் போய்ப் பாருங்க" என்றேன்.

உபதேசியார் இருமினார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். ஜெபம் முடிந்து சாப்பாடு பரிமாறும்போது அண்ணன் என் இலையைத் தாண்டிப் போனான். ஆனால் கை கழுவப் போன இடத்தில் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, "ஏட்டி, அந்த டெஸ்டு என்னைக்கு எடுப்பாவ? வலிக்குமா?" என்று ரகசியமாகக் கேட்டார்கள். பதில் சொன்னேன். உள்ளுக்குள் கோபம் கோபமாக வந்தது. இதைக் கேட்க இவர்களுக்கு உன் சாவு வேண்டியிருந்ததா?

நானும் பரிசோதித்துக்கொண்டேன். ஒன்றுமில்லை என்றார்கள். சந்தோஷப்படவே வெட்கமாக இருந்தது.

மஸ்கட்டுக்குப் புறப்படும் அன்று, கார் ஏறும் முன் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். என் முகத்தைப் பார்க்காமல், "சரி, போட்டுரு. அவகிட்ட பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் போடுற டிடி ஊசின்னு சொல்லிரு. எனக்கிட்டயும் பொறவு ஒண்ணும் சொல்லாண்டாம்" என்றான். அவன் கொடுத்த சம்மதம் அவ்வளவுதான். அதையும் வாங்கிக்கொண்டேன்.

நேற்று அபிஷாவைக் கூட்டிக்கொண்டு போனேன். டிடி என்று சொல்லவில்லை. என்ன ஊசி, எதற்கு என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டேன். ஊசி போட்டபோது உன்னைப் போலவே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பிறகு கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கச் சொன்னார்கள்.

"அத்தை, அம்மாவுக்கு இது போட்டிருந்தா?"

"அம்மா உன்னளவு இருக்கும்போ இந்த ஊசி கிடையாது மக்கா. பொறவு டெஸ்டு இருந்துது."

"பின்ன ஏன் எடுக்கல்ல? யாரு விடல்ல?"

என் அம்மாவைச் சொல்லியிருக்கலாம். அண்ணனைச் சொல்லியிருக்கலாம். ஊரைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். "நம்ம வீடுதான் விடல்ல மக்கா" என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் இடம் இருந்தும் முன் சீட்டில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டாள். உட்காரட்டும். இந்தக் கோபம் அவளுக்கு வேண்டும்.

மைனி, ஊசி போட்டாலும் பிற்பாடு பரிசோதனையும் செய்யத்தான் வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். அவளுக்கு முப்பது வயதாகும்போது, அவள் எந்த வீட்டு மருமகளாக இருந்தாலும், அங்கே யார் முகம் சுளித்தாலும், நான் போய் அவளைக் கூட்டிக்கொண்டு போவேன். அவள் அன்றைக்கும் என்னோடு பேசாமல் வந்தாலும் சரி.

உன்னைச் சாகவிட்ட வீட்டில் பிறந்த,
உன் நாத்தனார்
ஷீலா