ஒன்றாகப் பழுக்கும் இரு வயல்கள்

மஸ்கட்டில் பணிபுரியும் அன்பு மகள் வெண்மதிக்கு, புவனகிரியிலிருந்து அம்மா எழுதுவது. இங்கு நான் நலம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் நலமுடன் இருப்பீர்கள் என நம்புகிறேன். சமரசப் பேச்சில் என்ன நடந்தது என்று நீ கேட்டதற்கு உரிய காலத்தில் விடையளிக்காமைக்குப் பொறுத்தருள வேண்டும். கைப்பேசியில் சொன்னால் பாதியில் குறுக்கிட்டுக் கோபிப்பாய் என்பதால் எழுத்தில் அனுப்புகிறேன்.

நம் வயலுக்கு அப்பால் உள்ள தன் வயலுக்கு அறுவடை இயந்திரத்தை நம் பச்சை நெல்லின்மேல் ஓட்டிச் சென்ற உன் சித்தப்பா இளவரசுமீது நாம் தொடுத்த வழக்கு, சிதம்பரம் சமரச மையத்துக்குப் போனதை அறிவாய். விட்டுக்கொடுக்கச் சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்றாய். நானும் அவ்வாறே எண்ணி, பேச வேண்டியதை மனப்பாடம் செய்து சென்றேன். அங்கே கூண்டு இல்லை, தீர்ப்பும் இல்லை. சமரசராக அமர்ந்திருந்த வழக்கறிஞர் அம்மையார், இங்கே பேசுவது நீதிமன்றத்துக்குப் போகாது, ஒத்துவராவிட்டால் வழக்கு அப்படியே தொடரும் என்றார். நான் ஒரு சொல்லும் விடாமல் உரைத்தேன். அண்ணி மைக் இல்லாமலே மீட்டிங் பேசறாங்க என்றார் உன் சித்தப்பா. அம்மையார் சிரிக்காமல், அறுப்பு நேரத்தில் உங்களுக்கு என்னதான் சிரமம் என்று அவரைக் கேட்டார். உளுந்து போடணும்னு சீக்கிரம் வெளையற நெல்லு வெக்கிறேங்க, பொங்கலுக்கே பழுத்துடுது, அண்ணியோட பொன்னி தை கடைசி வரைக்கும் பச்சையா நிக்குது, அதத் தாண்டாம மெஷின் பறந்தா வரும் என்றார். வழக்கில் நாம் கேட்டது நம் வயல் வழியே போக அவருக்குப் பாதை உரிமை உண்டா என்பதை. எத்தீர்ப்பு வந்தாலும் அடுத்த தையிலும் அவர் நெல் முந்தும், நம் நெல் பிந்தும். இதை முதலில் உணர்ந்தவள் நானே என்பதைத் தன்னடக்கம் தடுத்தாலும் பதிவு செய்கிறேன். இரு வயலிலும் ஒரே நெல்லை ஒன்றாக நட்டால், இயந்திரம் நம் வயலை அறுத்துக்கொண்டே அவர் வயலுக்குப் போய்விடும் என்றேன். பிறகு அம்மையார் எங்களைத் தனித்தனியே அழைத்துப் பேசினார். பொன்னியைக் கைவிட நான் இசைந்தேன்; அறுக்காத வயலில் இனி இயந்திரத்தை இறக்குவதில்லை என எழுதித்தர அவர் இசைந்தார்.

பொன்னி உன் அப்பா விரும்பி வைத்த நெல். உனக்கு வலிக்கும் என்பதை அறிவேன். ஆயினும் இது தோல்வியன்று. அப்பாவின் வாரிசாக நீயும் வழக்கில் ஒரு வாதி. உன் ஒப்புதலின்றி உடன்பாடு நிறைவேறாது, நிறைவேறினால் தீர்ப்புக்கு நிகரான வலிமை உடையது. அடுத்த அமர்வில் காணொளியில் உன்னை அழைப்பார்கள். அங்கே பேசியவற்றை நாத்தனார், தோழியர் எவரிடமும் பகிராதே. அது அவ்விடத்தின் நெறி. வெளியே வரும்போது, வெண்மதி எங்கிட்ட பேசுமா அண்ணி என்று கேட்டார் உன் சித்தப்பா. எல்லாவற்றுக்கும் விடை வைத்திருந்த நான், அதை மட்டும் உன்னிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறினேன். அது நீ சொல்ல வேண்டியது.

வெயிலில் அலையாதே, வேளைக்கு உண். இருவரும் எல்லா வளமும் பெற்று வாழ்க. நாற்று விடும் நாள் நெருங்குகிறது. விரைந்து பதில் எழுது.

இங்ஙனம்,
உன் அம்மா,
கொளஞ்சியம்மாள்