முதுகுப்பையும் அம்மாவின் முட்டியும்

மார்ச் 2, திங்கள்

முதுகுப்பை வந்துவிட்டது. மூக்குக் கண்ணாடிக் கடையில் என்னோடு வேலை செய்யும் ரேடியோ, தன் பையை மாட்டிக்கொண்டு வாடிக்கையாளர்களுக்கெல்லாம் சுற்றிச் சுற்றிக் காட்டினாள். வாயை மூடவே மாட்டாள், அதனால்தான் அந்தப் பெயர். ஏப்ரலில் இரண்டு பேரும் கிளம்புகிறோம். வெளிநாடு, மலைப்பாதை, கிடைத்த இடத்தில் படுக்கை. பக்கத்துத் தெருவுக்கே வண்டி பிடிக்கிற நான்!

வீட்டில் அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்று பையைப் பார்த்தாள். "இதுக்குள்ள நானே உக்காந்துக்கலாம் போலிருக்கே." என் கணவர் இறந்த வருஷம் குளியலறையில் விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டவள். அன்றிலிருந்து நான் கடையில் இருக்கும்போது வாக்கரும், வந்தபின் என் தோளும்தான் அவளுக்குக் கால். படியிறங்கியதே இல்லை. நான் திரும்பும்வரை அண்ணன் வந்து தங்குவதாக ஏற்பாடு.

மார்ச் 8, ஞாயிறு

பையில் பழைய பத்திரிகைகளை அடைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கிப் பழகினேன். மூன்றாம் மாடிக்குள் நாக்கு தள்ளிவிட்டது. என் பழைய கேன்வாஸ் ஷூவைக் காணோம். அம்மாவைக் கேட்டால், "எனக்கென்னடி தெரியும், நானா போட்டுக்கிட்டுத் திரியறேன்?" என்கிறாள்.

மார்ச் 14, சனி

அண்ணன் வரவில்லையாம். லீவு கிடைக்கவில்லை என்று போன் பண்ணினான். "அடுத்த வருஷம் போயேன். மலை எங்க ஓடிடப் போகுது?"

மலை ஓடாது. நான்தான் இங்கேயே கிடந்து மக்கிப்போவேன். அம்மாவிடம் சொன்னதற்கு, "நான் சமாளிச்சுக்குவேன், நீ போ" என்றாள். எப்படிச் சமாளிப்பாள்? பாத்ரூமுக்கே என்னைப் பிடித்துக்கொண்டுதானே போகிறாள்? "சும்மா இரும்மா!" என்று கத்திவிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

மார்ச் 18, புதன்

அம்மா நடக்கிறாள்.

மார்ச் 19, வியாழன்

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை.

நடந்தது இதுதான். பையை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று கடைக்கு எடுத்துப்போனேன். ரேடியோ வாங்க மறுத்துவிட்டாள். "மாட்டிக்கிட்டே வீட்டுக்குப் போ. வழியில புத்தி வரும்." மதியம் லென்ஸ் வெட்டும் மெஷின் மக்கர் பண்ணியதால் முதலாளி எங்களைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார். சரி, கடைசியாக ஒரு தடவை என்று பையை மாட்டிக்கொண்டு பூங்கா வழியாகப் போனேன்.

முன்னால் ஒருத்தி கையை வீசி வீசி நடந்துகொண்டிருந்தாள். முதலில் கண்ணில் பட்டது ஷூதான். இடது குதிகாலில் சிவப்பு நூல் தையல் — நான் போட்ட தையல். அப்புறம் அந்தக் கொண்டை. அப்புறம் அந்தத் தோள்.

வாக்கர் இல்லை. ஒரு குச்சிகூட இல்லை. கூப்பிட வாய் வரவில்லை. பையோடு ஓடிப்பார்த்தேன், எட்டிப் பிடிக்க முடியவில்லை. எழுபதை நெருங்குகிற என் அம்மாவை!

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே வாக்கர். "வந்துட்டியா? கொஞ்சம் கை குடும்மா, பாத்ரூம் போகணும்."

கொடுத்தேன். வாயே திறக்காமல் கை கொடுத்தேன்!

தினம் தினம் தைலம் தேய்ச்ச முட்டி. ஊர்க் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்துச் சொல்றவ நான். எவ்வளவு நாளா இந்த நாடகம்? ஏம்மா? நான் என்ன பண்ணினேன் உனக்கு?

மார்ச் 21, சனி

கேட்டுவிட்டேன். ஷூ அவள் துணி அலமாரியில் போர்வைக்குப் பின்னால் இருந்தது. கொண்டுவந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்தேன். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முட்டி ஆறு மாசத்துலயே சரியாயிடுச்சு."

"அப்புறம் ஏம்மா?"

"மாப்பிள்ளை போனப்புறம் நீ எப்படிக் கெடந்தே, ஞாபகம் இருக்கா? சாப்பிடல, குளிக்கல, செவுத்தையே பாத்துக்கிட்டுப் படுத்திருந்தே. நான் விழுந்த அன்னிக்குத்தான் எழுந்து ஓடி வந்தே, என்னைத் தூக்க. மறுநாளும் எழுந்தே. எனக்குச் சரியாயிடுச்சுன்னு சொன்னா நீ திரும்பப் போய்ப் படுத்துக்குவியோன்னு..."

"நான்தான் எப்பவோ தேறிட்டேனே! அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நாளாக ஆக வெக்கமாயிடுச்சுடி." தலையைத் தூக்காமலே, "நீ புடிச்சுக்கிட்டுப் போறது நல்லாவும் இருந்துச்சு" என்றாள்.

கத்த வேண்டும் என்று ஒரு மூட்டை வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். ஷூவை எடுத்துப்போய் வாசலில் என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் அந்தச் சுவர் ஞாபகம் வந்துவிட்டது. அதில் இருந்த விரிசல்கூட.

மார்ச் 22, ஞாயிறு

பாத்ரூமுக்கு அவளே போனாள்.

மார்ச் 27, வெள்ளி

போகாமலிருக்க இனி ஒரு காரணமும் இல்லை. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. இத்தனை நாளும் "அம்மாவை விட்டுட்டு எப்படி?" என்று ரேடியோவிடம் சொன்னபோதெல்லாம் உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்ததோ? அம்மா மட்டுமா நாடகம் போட்டாள்?

பையை மறுபடி மாட்டிக்கொண்டு படி ஏறினேன். பின்னாலேயே ஷூவோடு அம்மா. பாதியிலேயே என்னைத் தாண்டிப் போய்விட்டாள். "வாயால மூச்சு விடாதே!" என்று மேலேயிருந்து உபதேசம் வேறு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்.

ஏப்ரல் 6, திங்கள்

விமான நிலையம் போகும் பஸ்ஸில் எழுதுகிறேன். ரேடியோ பக்கத்து சீட்காரரிடம் தன் சரித்திரத்தைத் தொடங்கிவிட்டாள்.

பஸ் நிறுத்தம்வரை அம்மா வந்தாள். வழியெல்லாம் எனக்கு முன்னால்தான் நடந்தாள். பஸ் வந்து நின்றதும் பெஞ்சில் உட்கார்ந்து முட்டியைத் தடவினாள். ஏறப்போன நான் திரும்பி வந்தேன்.

"வலிக்குதாம்மா?"

"ம். இன்னிக்கு நெஜமாவே வலிக்குது. நீ ஏறு."

ஏறிவிட்டேன்.