விஷக் காப்பிக்கு முதலிடம்

அக்கா,

உங்கள் மகள் செல்வி போன வாரம் ஆலங்குளத்திலிருந்து வந்து ஒரு துணிப்பையை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். லாட்ஜைக் காலி செய்தபோது வரவேற்பு மேசையின் அடி இழுப்பறையில் கிடைத்ததாம். "இதெல்லாம் ஒங்களுக்காக எழுதி வச்சாவன்னு நெனைக்கேன் மாமா" என்றாள். உள்ளே தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள், வருடத்துக்கு ஒரு கட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ரப்பர் பேண்டு. பையைத் திறந்ததும் மூலிகைத் தைலம் மணத்தது. பக்கத்து மசாஜ் கடையிலிருந்து வந்து உங்கள் லாட்ஜின் தலையணை உறை, அறைச் சாவி எல்லாவற்றிலும் ஏறியிருந்த அதே மணம். நான் பையை மூடிவிட்டேன். மறுபடி திறக்க இரண்டு நாள் ஆனது.

நான் தென்காசி நிருபராக வந்த புதிதில் உங்களைத் தேடி வந்தது சீரியலுக்காக அல்ல, தண்ணீருக்காக. சீசன் தொடங்கிவிட்டால் எங்கள் அலுவலகத்துக்குத் தினமும் குற்றாலச் செய்தி வேண்டும். எந்த அருவியில் எவ்வளவு விழுகிறது, எங்கே குளிக்கத் தடை. தினமும் அதிகாலையில் அங்கே வந்து பார்ப்பது என்னால் ஆகவில்லை. ஐந்தருவி ரோட்டில் எட்டு அறைகள் வைத்து லாட்ஜ் நடத்திய நீங்கள், விடிந்ததும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவீர்கள் என்று கேள்விப்பட்டு உங்கள் எண்ணை வாங்கினேன். அன்றிலிருந்து, சீசன் இல்லாத நாளிலும், காலை ஆறரைக்கு நம் போன். "மெயின் அருவில ஆம்பளைங்க பக்கம் நல்லா விழுது. பொம்பளைங்க பக்கம் பாறையில வழியுது, அவ்வளவுதான். அஞ்சருவில மூணுல விழுது. பழைய குற்றாலம் நான் பாக்கல, பாக்காம சொல்ல மாட்டேன்." இதை அப்படியே எழுதி அனுப்புவேன். இத்தனை வருடத்தில் நீங்கள் சொன்ன தண்ணீர் ஒருநாள்கூடத் தவறாகப் போனதில்லை. பார்க்காததைச் சொல்ல மாட்டேன் என்று சொல்பவர்கள் என் தொழிலிலேயே குறைவு.

ஒரு டிசம்பரில், அந்த வருடத்தின் சிறந்த பத்து சீரியல்களை ஒரு நேயரே வரிசைப்படுத்தித் தர வேண்டும் என்று எங்கள் வார இணைப்பிலிருந்து கேட்டார்கள். எனக்கு உங்கள் நினைவு வந்தது. எப்போது வந்தாலும் நீங்கள் வரவேற்பு மேசைக்குப் பின்னால் டிவி பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கேட்டதும் எழுந்து உள்ளே போய் ஒரு கட்டுக் காலண்டர் தாள்களைக் கொண்டுவந்து வைத்தீர்கள். யாரும் கேட்பதற்கு முன்பே, ஒரு வருடம் முழுக்கக் குறித்து வைத்திருந்தீர்கள்.

உங்கள் முறை எளிமையானது. சீரியல் ஓடும்போது அறை கேட்டு ஆள் வந்தால் உங்களுக்கு எரிச்சல் வருகிறதா என்று பார்ப்பீர்கள். வந்தால் அன்றைக்கு அந்தச் சீரியலுக்கு வட்டம். எரிச்சலும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை என்றால் கோடு. "அப்பாடா, எவனோ வந்தான்" என்று தோன்றினால் பெருக்கல் குறி. வருடக் கடைசியில் வட்டங்களைக் கூட்டி வரிசை போடுவீர்கள். சீரியல்களை நீங்கள் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதே இல்லை. மூணு மருமவ கதை, போலீஸ்காரன் பொண்டாட்டி, விஷக் காப்பி. எது எது என்று கண்டுபிடித்துப் பெயர் போடுவது என் வேலை.

நான்கு வருடங்கள் அந்தப் பட்டியல் "குற்றாலத்தைச் சேர்ந்த நேயர் ஒருவர்" என்று வெளிவந்தது. ஐந்தாம் வருடம் நீங்கள் ஒன்று கேட்டீர்கள். அதற்கு முன்னும் பின்னும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

"தம்பி, இந்தத் தடவ பேரு போட முடியுமா? எங்கிட்ட யாரும் ஒண்ணும் கேட்டதில்ல. ரூம் இருக்கா, வெந்நி வருமா, இதுதான் கேப்பாவ. நீருதான் எது நல்லாருக்குன்னு கேட்டீரு."

பெயரோடு படமும் போடலாம் என்றேன். நீங்கள் உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்து, சாவிகள் தொங்கும் பலகைக்கு முன்னால் நின்றீர்கள். என் போனில்தான் எடுத்தேன்.

அந்த வருடம் நீங்கள் முதலிடம் கொடுத்தது தையல்கடை அக்கா தங்கைக் கதைக்கு. மதியத்தில் ஓடி, பார்க்க ஆளில்லாமல் சில மாதங்களில் நின்றுபோனது. ஏன் அது என்று கேட்டேன். "ஒரு ஜாக்கெட் கை இறுக்கமாப் போச்சுன்னு ரெண்டு பேரும் ஒரு நாள் பூரா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தாளுவ. அன்னைக்கு நான் மூணு குடும்பத்துக்கு ரூம் இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன். ரூமு காலியாத்தான் கெடந்துது." விஷக் காப்பி உங்கள் பத்திலேயே இல்லை. வாரத்துக்கு ஒருத்தர் காப்பியில் எதையாவது கலக்கும் அந்தக் கதையை நீங்கள் திட்டாத நாள் இல்லை என்று ஐந்தருவி ரோடு முழுக்கத் தெரியும்.

பட்டியலை அனுப்பினேன். இணைப்பின் பொறுப்பாசிரியர் கூப்பிட்டார். முதலிடத்தில் இருக்கும் சீரியலை யாருக்கும் தெரியாது, விஷக் காப்பியைத்தான் ஊரே பார்க்கிறது, அதை மேலே போட்டுவிடலாமா என்றார். மிரட்டவில்லை, அவசரப்படுத்தக்கூட இல்லை. கேட்டார், சரி என்றேன். தையல்கடையை எடுத்துவிட்டு விஷக் காப்பியை வைத்தேன். "குடும்பத்தோடு பார்க்க ஏற்ற தொடர்" என்று நீங்கள் சொன்னதாக ஒரு வரியும் நானே எழுதினேன். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தினமும் போன் செய்கிறவன் அன்று செய்யவில்லை. நீங்கள் மாட்டேன் என்பீர்கள் என்று தெரியும், அதனால்தான்.

இணைப்பு வந்த மறுநாள் ஆறரைக்கு வழக்கம்போலப் போன் செய்தேன். நீங்கள் வழக்கம்போலத் தண்ணீர் சொன்னீர்கள், அருவி அருவியாக. நான் எழுதி முடித்தபிறகும் நீங்கள் போனை வைக்கவில்லை. பிறகு சொன்னீர்கள்:

"போட்டோ நல்லா வந்திருக்கு தம்பி."

அத்தோடு போனை வைத்துவிட்டீர்கள். தப்பித்தோம் என்றுகூட நினைத்தேன். அடுத்த டிசம்பரில் பட்டியல் கேட்டபோது, "இந்த வருசம் ஒண்ணும் பாக்கல தம்பி, கண்ணு சரியில்ல" என்றீர்கள். நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. அதற்கு இரண்டு வருடம் கழித்து அருவி நிலவரம் வாட்ஸப் குழுவில் படத்தோடு வரத் தொடங்கியது. உங்களுக்குப் போன் செய்வதை நிறுத்தினேன். நிறுத்துகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. இந்த ஆவணியில் நீங்கள் தவறிப்போன செய்தி கேட்டு வந்து, வெளியே நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த ஆண்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன்.

இப்போது கட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். கண் சரியில்லை என்று நீங்கள் சொன்ன வருடத்தின் கட்டு இருக்கிறது. அடுத்த வருடத்தது இருக்கிறது. இந்த வருடம் வரை எல்லாம் இருக்கிறது. எல்லாவற்றிலும் வட்டமும் கோடும் பெருக்கலும். ஒரு நாளும் விடவில்லை. நீங்கள் பார்ப்பதை நிறுத்தவில்லை அக்கா. என்னிடம் கொடுப்பதைத்தான் நிறுத்தினீர்கள்.

அலுவலகத்துக்குப் போன் செய்து ஒரு திருத்தம் போட வேண்டும் என்றேன். செய்தியில் பிழை வந்தால் மறுநாள் உள்பக்கத்தில் ஒரு சிறு பெட்டி போடுவோம், அந்த வழக்கப்படி. டெஸ்கில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், அந்த இணைப்பே இப்ப வரலியே, எதைத் திருத்த?" என்றாள்.

ஆகவே நேரில் திருத்தலாம் என்று கிளம்பினேன். உங்கள் லாட்ஜுக்குப் பக்கத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் போடும் அண்ணாச்சியிடம் போனேன். பட்டியல் வந்த அன்று, "என்னக்கா, கடைசில நீங்களே விஷக் காப்பியக் குடிச்சிட்டியளே" என்று கடை முன்னால் நின்று கேலி செய்தவர். "ஆமா, எனக்குப் புடிச்சுது. ஒமக்கென்ன வே?" என்று நீங்கள் பதில் சொன்னதாக அப்போதே என் காதுக்கு வந்திருந்தது. அவரிடம், அது அக்காவின் பட்டியல் இல்லை, நான்தான் மாற்றினேன் என்றேன். சொல்லும்போது எண்ணெய்ச் சட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சி கரண்டியை நிறுத்தவில்லை. "அது அன்னைக்கே எல்லாருக்கும் தெரியும்லா" என்றார். "நான் ஒங்களுக்குப் போன் போட்டுக் கேக்கேன்னேன். அக்காதான் விடல. 'கேட்டா அந்தத் தம்பி வெக்கப்பட்டுப் போவாரு. அப்புறம் காலைல போன் பண்ண மாட்டாரு'ன்னாவ."

சிப்ஸ் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன். வேறென்ன செய்வது.

உங்கள் பெயரை இந்த மடலிலும் எழுதவில்லை. ஒரு முறை அதைப் பொய்க்கு மேலே போட்ட கை இது. என் போனிலும் உங்கள் பெயர் இல்லை அக்கா, இன்று காலைதான் கவனித்தேன். இத்தனை வருடமும் உங்கள் எண்ணை "அருவி" என்றுதான் வைத்திருந்திருக்கிறேன்.

செல்வி கொடுத்த தாள்களில் ஒரே ஒரு தாளைத்தான் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். ஆடி மாதத்துத் தாள், இந்த வருடக் கட்டின் கடைசித் தாள். நடுவில் வழக்கமான குறிகள்: ஒரு வட்டம், இரண்டு கோடு, ஒரு பெருக்கல். மேல் மூலையில், எல்லாத் தாளிலும் இருப்பதுபோலச் சின்ன எழுத்தில் நாலு வரி. நான் கேட்பதை நிறுத்திய பிறகும், ஒவ்வொரு காலையும், ஆறரைக்குத் தயாராக:

"மெயின் நல்லா விழுது. அஞ்சருவி நாலுல விழுது. சாரல் இருக்கு. பழைய குற்றாலம் பாக்கல."