பியற்றிஸ் ரீச்சரைத் தேடின கிழமை

கோலியர்ஸ் வுட், லண்டன்
23.01.2005

அன்பு மகள் சாருஜாவுக்கு,

நானும் அப்பாவும் இங்கை நல்ல சுகம், மெல்பேணிலை உனக்கும் ஒரு குறையும் வராமலிருக்க முருகனைக் கும்பிடுறன். குளிருக்கு அப்பாவின்ரை முழங்கால் நோ கொஞ்சம் கூட, மற்றும்படி பரவாயில்லை. முல்லைத்தீவிலை என்னோடை படிப்பிச்ச பியற்றிஸ் ரீச்சர் சுனாமிக்குப் பிறகு என்ன ஆனாவெண்டு தெரியாமல் உன்னோடை போனிலை அழுதனெல்லே. போன கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்துக் குலசேகரம் மாஸ்டர் முகாம்களிலை இருக்கிற ஆக்களின்ரை பட்டியலைக் கொண்டுவந்து நீ விட்டிட்டுப் போன கொம்பியூட்டரிலை போட்டுத் தந்தார். பதினோராயிரம் பெயர், எல்லாம் இங்கிலீசிலை, ஒரு ஒழுங்கும் இல்லை. கிரெப் எண்ட கட்டளை பெயரைத் தேடித் தரும், அது எப்பிடியெண்டு அறிய மேன் கிரெப் எண்டு அடியுங்கோ, விளக்கம் உள்ளுக்கையே இருக்கு எண்டு நீ போனிலை சொன்னாய். அடிச்சன், கறுப்புத் திரை நிறைய எழுத்து, வெளியாலை வரத் தெரியாமல் பிளக்கைப் பிடுங்கிப்போட்டன். அடுத்தநாள் ஒவ்வொரு எழுத்தாய் அமத்திக்கொண்டு போக எச் எழுத்துக்கு உதவிப் பக்கம் திறந்தது, க்யூவை அமத்தினால் வெளியேறலாமெண்டு அதிலை கிடந்தது. பிறகு பயம் விட்டுப்போச்சு, அகராதியைப் பக்கத்திலை வைச்சு நாளுக்கு ஒரு பக்கம் வாசிச்சன். ஆரோ முகம் தெரியாத ஆக்கள், இப்பிடியொருத்தி வந்து முழிப்பாளெண்டு தெரிஞ்சு எழுதி வைச்ச மாதிரி இருக்கு பிள்ளை.

பியற்றிஸை இங்கிலீசிலை சரியாய் எழுதித் தேடினன், ஒண்டும் இல்லை. பெரிய எழுத்து சின்ன எழுத்துப் பார்க்காமல் தேடுற வழியைப் படிச்சுத் தேடினன், அப்பவும் இல்லை. வியாழக்கிழமைதான் புள்ளியும் நட்சத்திரமும் சேர்த்துப் போட்டால் இடையிலை எது வந்தாலும் பிடிக்குமெண்டு வாசிச்சன். முகாமிலை பதிஞ்சவர் தமிழிலை கேட்டபடிதானே எழுதியிருப்பார் எண்டு நினைச்சு, B எழுத்திலை தொடங்காமல் தமிழ் 'ப'வுக்குரிய P எழுத்தைப் போட்டு, த, ர, ச சத்தங்களுக்கு ஒவ்வொரு எழுத்து வைச்சு, இடையிலை புள்ளியும் நட்சத்திரமும் போட்டுத் தேடினன். அறுபத்து மூண்டு வரி வந்துது. ஒவ்வொண்டாய் விரல் வைச்சு வாசிச்சன், நாற்பத்தோராவது வரி பியத்திரிசு, வயது ஐம்பத்திரண்டு, ஆசிரியை. விரலை அந்த வரியிலையே வைச்சுக்கொண்டு அப்பாவைக் கூப்பிட்டன். நேற்று மாஸ்டர் முகாமுக்குப் போன் எடுத்துத் தந்தார். நான் என்ரை பேரைச் சொல்ல அவ, கமலேசு, என்னை ஒருத்தரும் தேடமாட்டினம் எண்டெல்லோ இருந்தனான் எண்டா.

இப்ப இந்த ரோட்டு ஆக்கள் எல்லாரும் பெயர் எழுதின துண்டோடை வருகினம். இண்டைக்குப் பதினொரு பெயர், ரெண்டு பேர் கிடைச்சினம். இல்லாத பெயருக்குக் கிரெப் இல்லையெண்டும் சொல்லாது, பேசாமல் அடுத்த வரியிலை வந்து நிக்கும். இந்த ரோட்டுச் சிவானந்தன் அண்ணை தன்ரை தம்பியின்ரை பெயரை நான் அடிக்கேக்கை பக்கத்திலை இருந்து திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒரு வரியும் வரேல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலுக்குள்ளை தொப்பி இல்லாமல் திரியாதை. உனக்கு எல்லா நன்மையும் கிடைக்க அம்மாவின்ரை ஆசீர்வாதம். ஞாயிறு போன் எடுக்கேக்கை கிரெப் விளக்கத்திலை, ஒரு இடத்துக்கு வேறை வேறை எழுத்தைப் போட்டுத் தேடுற சதுர அடைப்புக்குறி பற்றின பகுதியை எனக்கு ஆறுதலாய்ச் சொல்லித் தா, மறந்துபோகாதை. தம்பியின்ரை பெயர் இல்லையெண்டு சிவானந்தன் அண்ணைக்கு நான் இன்னும் சொல்லேல்லை.

அன்புடன்,
அம்மா கமலேஸ்வரி